நாலு தலைக்கு ஒன்று

நுவரெலியாவில் ஜூலை மாதம்
முடி காய்வதில்லை.
காலையில் நனைத்தது மத்தியானமும் நனைந்தே இருக்கும்,
கொடியில் மூன்று நாளாய்க் கிடக்கும் துவாய் போல.

ரொசாலினுக்குத் தடிமன் விட்டபாடில்லை.
நுஸ்ராவுக்கு ஸ்காஃபுக்குள் ஈரம் புளித்து
பிடரியெல்லாம் பொரிப் பொரியாய்.
அதனால்தான் சம்பளம் வந்த சனிக்கிழமை
நால்வரும் கடைக்குப் போனோம்.

கடைப் பையன் கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே
எட்டுப் பெட்டிகளை அடுக்கினான்.
இது இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு.
கண்ணுக்குத் தெரியாத துகள் எதையோ ஊதுமாம்,
முடி பட்டு மாதிரி வழியுமாம்.
பெட்டியில் சிரிக்கும் பெண்ணுக்கு
படம் எடுக்க முன்பே முடி காய்ந்துவிட்டிருந்தது.
இது மூவாயிரத்து முந்நூறு.
வாய்க்குள் சிவந்த கம்பி தெரிகிறது;
பிடித்தால் ரொட்டி சுடலாம்.

"யாருக்கு எந்த மாதிரி முடி?" என்று கேட்டான்.
எங்களை எந்த டாக்டரும்
இவ்வளவு பணிவாய் விசாரித்ததில்லை.

ரொசாலினுடையது சுருள்,
உள்ளே போன சீப்பு பல்லோடு திரும்பாது.
அதற்கு மூக்கில் ஒரு கிண்ணம் மாட்ட வேண்டும்,
விரல் விரலாய் நீட்டிய பிளாஸ்டிக் கிண்ணம்.
காற்று அதட்டக் கூடாதாம், கெஞ்ச வேண்டுமாம்.
பிருந்தாஜினி, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தாதி,
அவளுடையது இடுப்புக்குக் கீழே;
திரித்தால் மாட்டைக் கட்டலாம்.
சூடு மட்டும் போதாது அதற்கு, வேகம் வேண்டும்,
ஒடுங்கிய வாய் வேண்டும், முப்பது நிமிடமாவது வேண்டும்.
நுஸ்ரா மருதாணியும் சாயமும் மாறி மாறிப் போட்டவள்.
நுனியெல்லாம் விளக்குமாறு.
நீலப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வருகிற
ஆறிய காற்றுத்தான் அவளுக்கு.

எனக்கு?
கொழும்பில் பிடித்த டெங்கு
போகும்போது விட்டுப் போனதை
அவன் பார்க்காதது போலப் பார்த்தான்.
"மிஸ்ஸுக்கு எது என்றாலும் சரி."

அபேகோன் நோனாவின் மேல்மாடியில்
இரண்டாயிரம் வாட்ஸ் போட்டால்
வீடே இருண்டுவிடும்,
அதுவும் அவருடைய நாடகம் ஓடும் நேரமாய்ப் பார்த்து.
ஆயிரத்து இருநூறைத் தாண்டக் கூடாது என்பது
எங்கள் கேத்தல் கருகிய அன்றே போட்ட சட்டம்.
இருபத்து நாலாயிரம் அதிலேயே விழுந்தது.
(எங்கள் பணப்பையில் அது முன்பே விழுந்திருந்தது.)

கடைசியில் ஒன்று கிடைத்தது.
ஏழாயிரத்து எண்ணூறு.
கிண்ணம் உண்டு, நீலப் பொத்தான் உண்டு,
ஒரு வருட உத்தரவாதம்,
மடித்தால் பைக்குள் போகும்.

பங்கு பிரிக்கையில்தான் சண்டை.
முடியின் நீளத்துக்குத் தக்க பங்கு என்றாள் ரொசாலின்.
"அப்ப நான் தலையைத்தான் அடகு வைக்கோணும்"
என்றாள் பிருந்தாஜினி.
நுஸ்ரா மரக்கறி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள்.
ஃபோனில் எதையோ தட்டி,
வாடிய லீக்ஸுக்குக் கழிவு போடுவது போல
எனக்குக் கழிவு போட்டாள்.
அன்பாகத்தான் போட்டாள்.
அதுதான் சுட்டது.

"ஆளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது" என்றேன்.
"தலை எல்லாருக்கும் ஒன்றுதானே."

இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அட்டவணை.
நாலே முக்காலுக்குப் பிருந்தாஜினி.
அடுத்து ரொசாலின், கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்தபடி.
பிறகு நுஸ்ரா, கதவைச் சாத்திக்கொண்டு.
அதுவரை கேத்தலுக்கு அனுமதி இல்லை,
பிளேன்டிக்காக எல்லாரும் ஒரு தலையைப் பார்த்திருப்போம்.

எனக்குப் பத்து நிமிடம் எழுதியிருக்கிறது.
மூன்று போதும்.
மிச்சம் ஏழும் காசு கொடுத்து வாங்கியது,
விடுவதாயில்லை.
வலது சப்பாத்துக்குள் மூக்கை நுழைக்கிறேன்.
பிறகு இடது.
நேற்றைய மழை ஆவியாய் எழும்புகிறது,
கொஞ்சம் மணக்கத்தான் செய்கிறது.
நுஸ்ரா ஸ்காஃபால் மூக்கைப் பொத்துகிறாள்.

ஏழு மணிக்கு வாவிக் கரைப் பனிக்குள் இறங்கி நடக்கிறேன்.
உச்சந்தலையில் குளிர் நேரே விழுகிறது.
கால் இரண்டும்
போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த பாண்.